பாதாளக் கரண்டியின் கடைசி நான்கு நிமிடங்கள்

செம்பட்டாங்குளத்தில் மூன்று மாத காலம் எதுவுமே முடியாமல் கிடந்ததற்கு, ஒயரைப் பிடுங்கிய நான்தான் காரணம் என்று டீக்கடையில் இன்றைக்கும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், சொல்பவர்கள் சொல்லட்டும், ஒயரை நான் பிடுங்கியது உண்மை, ஆனால் பொன்னாடையை நான் போர்த்தவில்லை, அதைப் போர்த்தியவர் கொடை விழாக் கமிட்டித் தலைவர் கொம்பையா பாண்டியன், அவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, என் சிவனணைந்தபெருமாள் சவுண்டு சர்வீஸ் என்றால் மட்டும் எல்லோருக்கும் வாய் நீண்டுவிடும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் ‘கொல்லுலை’ என்று ஒரு மெட்டல் குழு இருந்தது. வெறும் மெட்டல் இல்லை, ப்ரோக்ரசிவ் மெட்டல் என்று முழுசாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிடார் வாசிக்கிற மந்திரமூர்த்திக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிடும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். மற்ற மெட்டல்காரர்கள் அடிப்பார்கள், நாங்கள் எண்ணிக்கொண்டே அடிப்போம் என்றான். மந்திரமூர்த்தி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், ஊரில் எல்லோருடைய கிடாருக்கும் ஆறு கம்பி என்றால் அவனுடையதற்கு ஏழு. அவன் மனைவி ஆவுடைச்செல்வி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், குழுவில் பேஸ் கிடார், எண்ணிக்கையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பாடுகிறவன் செல்வின், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் கொயரில் தேன் ஒழுகப் பாடிவிட்டு அன்று சாயங்காலமே இந்தக் குழுவில் வந்து அடிவயிற்றிலிருந்து உறுமுவான், அந்த உறுமலைக் கேட்ட அவன் அம்மா மூன்று வருஷம் அவனுக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்று நம்பி பனங்கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். ட்ரம்ஸ் இசக்கிராஜ். பகலெல்லாம் டிங்கரிங் பட்டறையில் கார்களின் ஒடுங்கலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவான், பொழுது சாய்ந்தால் அதே கையால் ட்ரம்ஸைத் தட்டுவான், இரண்டு வேலைக்கும் முகத்தில் ஒரே பாவம்தான்.

ஒன்பது வருஷத்தில் மூன்று ஆல்பம் போட்டார்கள், ஆல்பத்துக்கு ஒரு பாட்டு. முதல் பாட்டு ரேஷன் கடை வரிசையைப் பற்றியது, இருபத்தெட்டு நிமிஷம் ஓடும், ஐந்து ஐந்தாக ஆரம்பித்து ஏழு ஏழாக மாறி, நடுவில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிற இடத்தில் ஒன்பதாகிப் பொங்கி, பிறகு ஒற்றைக் கிடார் மட்டும் தாலாட்டு மாதிரி வாசிக்க, எல்லோரும் வெறும் கேனோடு வீட்டுக்குத் திரும்புவதில் முடியும். அதை ஒரு வெங்காய மண்டியில் வைத்துப் பதிவு செய்தார்கள், சாக்குமூட்டை எதிரொலியைக் குடித்துவிடும் என்பது மந்திரமூர்த்தியின் கண்டுபிடிப்பு. பாட்டின் கடைசிப் பகுதியில் செல்வின் தேம்பித் தேம்பிப் பாடுவதை ஃபின்லாந்தில் ஒரு ரசிகர் மெச்சி நாலு பக்கம் எழுதினார், அது மூட்டையிலிருந்து வந்த கண்ணீர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு மின்தடையைப் பற்றி. மூன்றாவதுதான் ‘பாதாளக் கரண்டி’. கிணற்றுக்குள் விழுந்து, கொக்கிக்கொக்கியான அந்தக் கரண்டியால் மேலே வருகிற ஒரு வாளியின் கதை, நாற்பத்தொரு நிமிஷம்.

ஊருக்கு இதெல்லாம் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தவில் வாசிக்கிற குழந்தைவேலு, முட்டைக்கடையும் வைத்திருக்கிறவர், ஒரு தடவை ஒத்திகையை ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, “ஏழு ஏழால்லா போவுது, இது மிஸ்ரசாபு, இதத்தான நாங்க கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கோம், என்ன, இவனுவ கரண்டுல வாசிக்கானுவ” என்று சொல்லிவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஊர் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை.

அந்த வருஷம் செல்வினுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஆவுடைச்செல்விக்கோ ஒன்பதாவது மாதம். ஆக, இதுதான் கடைசிக் கச்சேரி என்று நாலு பேரும் பேசி முடிவெடுத்து, அம்மன் கோயில் கொடையில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பூஜைக்கும் நடுவில், ஜனம் உண்ட மயக்கத்தில் இருக்கிற நேரம் பார்த்து இடம் வாங்கினார்கள். முப்பத்தேழு நிமிஷம் வாசித்தார்கள். ஆவுடைச்செல்வி வயிற்றுக்கு மேலே கிடாரைப் பரணில் வைத்த மாதிரி வைத்துக்கொண்டு வாசித்தாள். வாளி கிணற்றின் அடிமட்டத்தைத் தொடுகிற இடம் வந்தது. அங்கே ஒரு மௌனம். எல்லோரும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ண வேண்டும், எண்ணி முடித்ததும் கடைசி நான்கு நிமிஷம், வாளி மேலே வரும்.

அந்த மௌனத்தில்தான் கொம்பையா பாண்டியன் விழித்துக்கொண்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார், நினைத்ததும் மைக்கைப் பிடித்தார், “இவ்வளவு நேரம் நம்மைப் பரவசத்தில் ஆழ்த்திய குழுவினருக்கு” என்று ஆரம்பித்து, யார் தலைவர் என்று தெரியாததால் உயரமாக உட்கார்ந்திருந்த இசக்கிராஜைத் தேர்ந்தெடுத்து, தூக்கிய கை இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பொன்னாடையைப் போர்த்தினார். கூட்டம் கைதட்டியது. கமிட்டியிலிருந்து எனக்குக் கையைக் காட்டினார்கள், நான் ஒயரைப் பிடுங்கினேன். எத்தனையோ மேடையில் கைதட்டல் கேட்டதும் ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன், அதுதான் தொழில்.

மறுநாள் காலையில் ஊரில் ஒருவருக்கும் டீ முடியவில்லை. கடைசி ஒரு வாய் டம்ளரில் நின்றது, குடித்தால் குடித்த அளவுக்கு நின்றது. முதலில் டீக்கடைக்காரரைப் பாராட்டினோம். பிறகு பார்த்தால் பஸ் நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னாலேயே பஸ் நின்றது, டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் நகரவில்லை, பஞ்சாயத்தில் கூடிப் பேசி நிறுத்தப் பலகையைப் பத்தடி இந்தப் பக்கம் நட்டார்கள், பஸ் அதற்கும் பத்தடி முன்னால் நின்றது, மறுபடி நட்டார்கள், இப்படியே நட்டு நட்டுப் பலகை குளத்தங்கரைக்குப் போய்விட்டது. சலூனில் முடி வெட்டிக்கொண்டவர்கள் எல்லோருக்கும் பின்மண்டையில் ஒரு கொத்து வெட்டுப்படாமல் நின்றது, வெளியூரில் எங்கள் ஆட்களை அதை வைத்தே அடையாளம் கண்டுபிடித்தார்கள். கல்யாணங்களில் மூன்றாவது முடிச்சு விழவில்லை, மாப்பிள்ளையின் அக்கா கை வலிக்க வலிக்க முடிந்து பார்த்துவிட்டு விட்டுவிட, இரண்டு முடிச்சே போதும் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையில் கடைசி வார்த்தை யாருக்கும் கிடைக்கவில்லை. கட்சிக் கூட்டத்துக்கு வந்த பேச்சாளர் ஒருவர், “இறுதியாக ஒன்றைச் சொல்லி” என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார், அவரைப் பேசப் பேசவே வேனில் ஏற்றி ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தோம். சூரியன் மட்டும் தினமும் ஒழுங்காக மறைந்தது, அது எங்கள் பஞ்சாயத்தில் சேர்ந்ததில்லை போலிருக்கிறது.

ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. பழகிவிட்டது என்ன, பிடித்துப்போய்விட்டது. கேஸ் சிலிண்டர் தீரவில்லை, பைக்குகள் ரிசர்வில் விழுந்த பிறகு விழுந்தபடியே ஓடின, ஹோட்டலில் சாம்பார் வாளியில் கடைசிக் கரண்டி எப்போதும் இருந்தது, துவையல் அரைத்தால் அம்மியில் வழித்தெடுக்க ஒரு விரல் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் விட, கொடை விழாக் கமிட்டியின் பதவிக்காலம் முடியவில்லை. கொம்பையா பாண்டியன் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, இது அம்மன் செயல் என்று மேடைக்கு மேடை பேசினார், பேச்சு முடியாததால் கேட்டவர்கள்தான் எழுந்து வந்தார்கள்.

முட்டைக்கடை குழந்தைவேலுதான் முதலில் காரணத்தைச் சொன்னார். “தீர்மானம் வைக்காம எறங்கிட்டானுவல்லா” என்றார். தவிலில் ஒரு தாளத்தை முடிக்கும்போது மூன்று தடவை அடித்து இறக்கி வைக்கிற கோர்வைக்குத் தீர்மானம் என்று பெயர். “அது வைக்காம எந்திரிச்சா வாசிச்சவனுக்கே ராத்திரி ஒறக்கம் வராது. இதுல நாப்பது நிமிசப் பாட்டு, அம்மன் சன்னதி வேற. ஊரு எப்படி ஒறங்கும்? அவனுவளையே கூப்பிட்டு மொதல்ல இருந்து வாசிச்சு முடிக்கச் சொல்லும்.”

சொல்வது சுலபம். கொல்லுலை அதற்குள் உடைந்துபோயிருந்தது. கடைசி மௌனத்தில் பதிமூன்று எண்ண வேண்டும் என்பது இசக்கிராஜ் கட்சி, பதினொன்று என்பது மந்திரமூர்த்தி கட்சி, பதினொன்று எண்ணியிருந்தால் கொம்பையா பாண்டியன் எழுந்து வருவதற்குள் பாட்டு ஆரம்பித்திருக்கும் என்று இவன் சொல்ல, பொறுமை இல்லாதவனுக்கு எதற்கு மெட்டல் என்று அவன் சொல்ல, ஊரில் எந்தச் சண்டையும் முடியாத காலத்தில் இந்தச் சண்டை மட்டும் எப்படி முடியும்? செல்வின் மஸ்கட்டுக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தான். பெட்டியோடு பஸ் ஏறுவான், அம்மா அழுவார், திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் போவான், அங்கே அவனுடைய விமானத்துக்கான கடைசி அழைப்பு மட்டும் வராது, திரும்பி வருவான், மறுவாரம் அம்மா மறுபடி முதலிலிருந்து அழுவார்.

ஆவுடைச்செல்விக்கு வலி வந்தது, நின்றது. மறுபடி வந்தது, நின்றது. பத்து மாதம் ஆனது, பதினொன்று ஆனது. மற்ற கர்ப்பிணிகள் பக்கத்து ஊருக்குப் போய்ச் சுகமாகப் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள், இவளும் தென்காசி போனாள், திருநெல்வேலி போனாள், நாகர்கோவில் வரைக்கும் போனாள். முடியாத பாட்டைக் கையில் வைத்திருந்தவள் எங்கே போனாலும் அது கூடவே போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பிள்ளை தலைகீழாகத் திரும்பி, எல்லா ஏற்பாட்டோடும் வாசலில் நின்றது. பன்னிரண்டாவது மாதம் பிறந்த அன்று அவள் தாங்க மாட்டாமல் நேராக டிங்கரிங் பட்டறைக்கு வந்தாள். ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் ஒடுங்கலை எடுக்க நானும் அங்கே இருந்தேன், அதனால் பேச்சு முழுவதும் என் காதில் விழுந்தது.

“ஏல இசக்கி, பன்னெண்டு மாசம்ல. பாத்துக்கோ” என்று கழற்றி வைத்திருந்த கார் சீட்டில் உட்கார்ந்தாள்.

“ஒம் புருசன் பதினொண்ணுன்னுல்லா சொல்லுதான்.” அவன் சுத்தியலை நிறுத்தவில்லை.

“பதினொண்ணும் இல்ல பதிமூணும் இல்ல. உண்மையச் சொல்லு. எதுக்கு வாசிக்க மாட்டேங்க?”

சுத்தியல் நின்றது. பிறகு கதவுத் தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கடைசி அடி என்னுதுலா. நான் மட்டும் தனியா அடிக்கணும். அதை அடிச்சா முடிஞ்சிரும் ஆவுடை. செல்வின் மஸ்கட் போயிருவான். நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு இருப்ப. மந்திரத்துக்குக் கடை இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அடுத்தவன் கொண்டுபோய் இடிச்சுட்டு வார காரு இருக்கு. ஒம்பது வருசம். இந்த மூணு மாசமா பாட்டு முடியலல்லா, நம்ம குழு இன்னும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு படுக்கேன்.”

ஆவுடைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், நான் சால்டரிங் புகை என்று சமாளித்தேன். “எனக்கு மட்டும் என்ன கொண்டாட்டமால?” என்றாள். “எனக்கும் ஒம்பது வருசந்தான். ஆனா ஒனக்கு முடிஞ்சிருமேன்னு கவலை. உள்ள கெடக்குற இதுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லல.”

இசக்கிராஜ் சுத்தியலைக் கீழே வைத்தான். வியாழக்கிழமை மட்டும் பட்டறை லீவு என்றான்.

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பக்கத்தில், பாட்டு முடிந்தால் பிள்ளை வரும் என்று, பிரசவ அறையின் ஜன்னலுக்கு நேரே மேடை போட்டோம். ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாதே என்று டாக்டர் மெர்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அம்மாள் மூன்று மாதம் முன்னால் ஒரு காலை டியூட்டிக்கு வந்தவர், டியூட்டி முடியாததால் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறவர். “எவ்வளவு சத்தம் வேணும்னாலும் போடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே அங்கே நின்றது, பாதிப் பேர் பாட்டை முடிக்கச் சொல்ல, பாதிப் பேர் முடிக்காதே என்று சொல்ல. முடிக்காதே கட்சிக்குக் கொம்பையா பாண்டியன் தலைமை, கேஸ் சிலிண்டரைத் தலையில் தூக்கிக்கொண்டு நாற்பது பெண்கள், அவர்கள் போட்ட கோஷம் முடியாமல் கடைசி எழுத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தது. ஆவுடைச்செல்வி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை மடியோரமாக வைத்துக்கொண்டாள். வாசித்தார்கள். ஏழாவது நிமிஷத்தில் வலி வந்தது, இந்தத் தடவை நிற்கவில்லை. இருபதாவது நிமிஷத்தில் நர்ஸ்கள் நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், அவள் கிடாரை விடவில்லை. அறுபதடி ஒயர் போட்டிருந்தேன். அதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை. ஒயர் மேடையிலிருந்து வராந்தா வழியாகப் பிரசவ அறைக்குள் போனது, பேஸ் ஒரு எண்ணிக்கை பிசகாமல் வெளியே வந்துகொண்டிருந்தது. செல்வின் உறுமுகிற இடங்களில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் அவனுடைய உறுமலுக்கு மேலே எழுந்தது, அவன் மைக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றுகொண்டான்.

வாளி கிணற்றடியைத் தொட்டது. மௌனம் வந்தது. நாலு கையும் மேலே. மந்திரமூர்த்தி உதட்டுக்குள் எண்ணினான், இசக்கிராஜும் எண்ணினான், கொம்பையா பாண்டியன் மேடைப் படியில் கால் வைத்தார், கையில் ஜரிகை போட்ட பொன்னாடை விரிந்தபடி இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, மிக்ஸரை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கே பாய்ந்து, “எனக்குப் போடுங்க அண்ணாச்சி, இருவத்திரெண்டு வருசமா உங்க கொடைக்கு மைக்செட்டு போடுதேன், எனக்கு ஒருத்தரும் போட்டதில்ல” என்று தலையைக் குனிந்தேன். விரித்த பொன்னாடையைத் திருப்பி மடிக்க எந்தத் தலைவருக்கும் மனசு வராது. போட்டார். ஃபோட்டோவுக்குக்கூட ஒரு நிமிஷம் நின்றார்.

உள்ளேயிருந்து ஆவுடைச்செல்வி எண்ணுவது கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் பல்லைக் கடித்தாள். பதினொன்று வந்தது, நிற்கவில்லை. பதிமூன்று வந்தது, நிற்கவில்லை. அந்த வலி பத்தொன்பது வரைக்கும் போனது. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாலு பேரும் ஒன்றாக இறங்கினார்கள்.

நான்கு நிமிஷம் வாளி மேலே வந்தது. அதைச் சொல்ல எனக்கு ஞானம் போதாது, சிலிண்டர் தூக்கி வந்த பெண்கள் அவற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. கிடார் நின்றது, பேஸ் நின்றது. கடைசி அடி மட்டும் பாக்கி. இசக்கிராஜ் குச்சியைத் தலைக்கு மேலே தூக்கினான், தூக்கியபடியே இருந்தான், மூக்கிலிருந்து வேர்வை சொட்டியது, அது வேர்வை மட்டும்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

“ஏல இசக்கி!” ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “அடில!”

அவன் செல்வினைப் பார்த்தான், மந்திரமூர்த்தியைப் பார்த்தான், ஒயர் போன வழியைப் பார்த்தான். பிறகு அடித்தான்.

அதிர்வு அடங்க வெகு நேரம் ஆனது. அது அடங்கியபோது ஊரில் எல்லாம் முடிந்தது, ஒரே மூச்சில், சிலிண்டர்கள் காலியாயின, கோஷம் நின்றது, எனக்குத் தெரிந்து ஏழு வீட்டில் சண்டை தீர்ந்தது. அந்த அமைதியில் உள்ளேயிருந்து ஒரு குழந்தை அழுதது, ஒரு தாளத்துக்கும் கட்டுப்படாமல், தன் இஷ்டத்துக்கு அழுதது. மந்திரமூர்த்தி அதைக் கேட்டுவிட்டு, கிடாரைப் பத்திரமாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மயங்கி விழுந்தான்.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது குழுவில் நின்றுகொண்டிருந்தவன் இசக்கிராஜ் ஒருவன்தான். செல்வின் மந்திரமூர்த்தியின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் யோசிக்காமல் குழந்தையை இசக்கிராஜ் கையில் கொடுத்தார். பெண் குழந்தை. அவன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடி வாங்குவதைப் போல வாங்கினான். வாங்கியதும் அவனுக்கு அழுகை உடைந்துவிட்டது, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான், குழந்தை அழுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது.

“நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?” என்று நர்ஸ் கேட்டார்.

இசக்கிராஜ் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் யோசித்தான்.

“ட்ரம்மர்” என்றான்.